ராமிரெசி மீனில் ஆண் பெண் அறிதல்

வண்ண மீன் வளர்ப்பை உபதொழிலாக மேற்கொள்ளும் அங்கத்தினர்க்கு முதல் நஷ்டம் பெரும்பாலும் இணை தவறுவதாலேயே நேருகிறது. ஆண் இல்லாவிடினும் பெண் மீன் முட்டையிடும்; அம்முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்து அழியும். நாட்களும் தீனியும் வீணாகும். ஆதலின், 1948-ஆம் ஆண்டில் அறிவியலார் பெயரிட்ட ராமிரெசி என்னும் சிறு சிக்லிட் மீனைக்கொண்டு இதனை விளக்குவோம்.

இதன் தாயகம் வெனிசுலா, கொலம்பியா நாடுகளில் பாயும் ஒரினோகோ ஆற்றின் படுகை. இது இரண்டு அங்குல அளவே வளர்வது.

வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பில் முன்புறத்து முட்கள் சில நீண்டு நிற்கும். பெண் சற்றுச் சிறியது. அதன் வயிறு இளஞ்சிவப்பாகத் தோன்றும். விலாவிலுள்ள கரும்புள்ளியினுள் நீலப் பொட்டுகள் மின்னும். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்புதல் கூடாது; அனைத்தையும் ஒப்புநோக்க வேண்டும். இளம் மீன்களில் இவ்வடையாளங்கள் தெளிவாக இரா. நிறம் மிகுவதற்கு ஹார்மோன் ஊட்டப்பெற்றவற்றிலும் இவை மயங்கும்.

எனவே, ஐந்தாறு இளம் மீன்களை ஒரே தொட்டியில் வளர்த்து, அவை தாமே இணை சேர விடுதல் நன்று. இணைந்த பின் அவ்விரண்டையும் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.

நீரின் வெப்பம் 27 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். மென்னீரே ஏற்றது, உப்புக் கரிக்கும் கிணற்று நீர் ஆகாது. வாரந்தோறும் ஒரு பங்கு நீரை மாற்றுக. தட்டையான கல் ஒன்றை இடுக. அதன்மேல் முட்டையிட்டுத் தாயும் தந்தையும் மாறி மாறிக் காவல் காக்கும். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

விலை பேசுமுன் தொட்டியருகே சற்று நின்று நோக்குக. அப்பொறுமையே இத்தொழிலின் முதல் முதலீடு.