இதய நோயும் உடலுழைப்பும்

தேவராவிலிருந்து பாலங்களைக் கடந்து மட்டாஞ்சேரிக்குச் சென்றால், அதையொட்டிய ஃபோர்ட் கொச்சியில் டோபி கானா உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்த தமிழ் வண்ணார்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கையாலேயே வெளுக்கின்றனர். இத்தகைய தொழிலில் இருப்பவருக்கு இதய நோய் வந்தால் எழும் முதற்கேள்வி, இனி உழைக்கலாமா என்பதே. உழைப்பு நின்றால் வருவாயும் நின்றுவிடும்.

முழு ஓய்வே மருந்து என்பது பழைய எண்ணம். மார்பு நெரிப்பு நோயை 1772இல் விளக்கிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்த நோயாளி ஒருவர் ஏறத்தாழக் குணமடைந்ததைப் பதிவு செய்துள்ளார். அளவான உழைப்பால் தசைகள் உயிர்வளியை நன்கு பயன்படுத்தப் பழகுகின்றன. அதே வேலைக்கு இதயம் முன்னைவிடக் குறைவாகவே துடிக்க வேண்டியிருக்கும்.

எனினும் எல்லா வேலையும் ஒன்றன்று. ஒரே அளவு வேலையைக் கால்களால் செய்வதைவிடக் கைகளால் செய்யும்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மிகுதியாக உயர்கின்றன. ஆகவே துணியைத் தலைக்குமேல் ஓங்கிக் கல்லில் அடிப்பது கடினம். மூச்சை அடக்கி ஈரமூட்டையைத் தூக்குகையில் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். வெயிலும் இதயத்தின் சுமையைக் கூட்டும். துணியை மடிப்பதும் சமதரையில் நடப்பதும் எளியவை.

எனவே தொழிலைக் கைவிடுவதற்கு முன் அதைப் பகுத்துப் பாருங்கள். மூட்டையைச் சிறு சுமைகளாகப் பிரியுங்கள். தூக்கும்போது மூச்சை வெளிவிடுங்கள். உணவு உண்டவுடன் கடின வேலை வேண்டா. வேலையின் நடுவே இயல்பாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சுத் திணறினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு மார்பெலும்பு கூட ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்கலாகாது.

மருத்துவரிடம் 'வேலை செய்யலாமா?' என்று மட்டும் கேளாதீர்கள். எத்தனை கிலோ தூக்குகிறீர்கள், எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறீர்கள் என்பதையும் கூறுங்கள். டிரெட்மில் பரிசோதனையின் முடிவோடு அவற்றை ஒப்பிட்டு அவர் எல்லை வகுப்பார்.

வேலையின்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மயக்கம், மிகுந்த மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி அமருங்கள். மருத்துவர் தந்த மாத்திரை இருப்பின் நாவின்கீழ் வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடங்களில் தணியாவிடில் 108ஐ அழையுங்கள். எஞ்சிய வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திராதீர்கள்.