பிள்ளைகள் எதைப் பார்த்துச் சிரிக்கினம்?

கொக்குவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

‘குக்கு வித் கோமாளி’ நிகழ்ச்சியைப் பிள்ளைகளைப் பார்க்க விடலாமா என்று கேட்டிருந்தாய். மாமி வேண்டாம் என்கிறா, உன் கணவர் “சும்மா பகிடிதானே” என்கிறார், இடையில் நீ. 7 வயது மகனுக்கும் 14 வயது மகளுக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

இதை உனக்காக வேறு யாரும் தீர்மானித்துத் தரப் போவதில்லை. இந்தியாவில் 2021 இல் வந்த விதிகளின்படி, இணையத் தளங்களில் வெளியாகும் படங்களுக்கும் தொடர்களுக்கும் 7 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், 16 வயதுக்கு மேல் என்று குறி போட வேண்டும். நெல்லியடியில் உன் வீட்டுக்கு நிகழ்ச்சி கேபிளில் வரும்போதோ, மகளின் போனில் துண்டு துண்டாக வரும்போதோ அந்தக் குறி கூடவே வருவதில்லை. வந்தாலும் அது பெரும்பாலும் வன்முறை, போதை, கெட்ட வார்த்தை போன்றவற்றைத்தான் அளக்கும். எங்கள் நாட்டு அலைவரிசைகளைப் பார். 2006 ஆம் ஆண்டுப் புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பிறகு சிகரெட்டையும் சாராயப் போத்தலையும் மங்கலாக்கிவிடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதே காட்சியில் வெறியில் தள்ளாடிக்கொண்டு மனைவிக்குக் கை ஓங்குகிறவன் தெளிவாகத் தெரிகிறான். அதற்குச் சிரிப்புச் சத்தமும் போடுகிறார்கள். படலை திறக்கிற சத்தத்தை வைத்தே அப்பா இன்றைக்கு எப்படி வாறார் என்று கணிக்கிற பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். அவர்களுக்கு அது பகிடி இல்லை. போத்தலை மறைக்கச் சட்டம் இருக்கிறது, மற்றதை நீதான் பார்க்க வேண்டும்.

இனி நீ கேட்ட நிகழ்ச்சிக்கு வருகிறேன். 2019 நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாத கோமாளி ஒருவரைச் சேர்த்துவிட்டு, நேரக் கணக்கு வைத்துச் சமைக்கச் சொல்கிறார்கள். ஆரம்பப் பருவங்களில் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்கள். எனக்கு இதில் பிடித்தது இதுதான்: கோமாளி உப்பை அள்ளிக் கொட்டினால் சமைக்கிறவர் அவரைத் திட்டிப் பயனில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அந்தச் சட்டியைக் காப்பாற்ற வேண்டும். தோற்றுப் போகிறவரைக் கட்டிப்பிடித்து அனுப்புகிறார்கள். ஆம்பிளைகள் வெங்காயம் உரிக்கிறார்கள், சட்டி கழுவுகிறார்கள். குசினிப் பக்கமே போகாத பொடியன்கள் வளருகிற எங்கள் வீடுகளில், உன் மகன் இதைப் பார்ப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

பிடிக்காததும் உண்டு. நடிகை ஒருவர் வந்தால் ஆண் கோமாளிகள் வழிவதும், அந்தப் பெண் விலக விலகப் பின்னால் போவதும், அதற்குக் காதல் பாட்டுப் போடுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. உருவத்தையும் நிறத்தையும் சொல்லிச் சிரிப்பதும் இடைக்கிடை வருகிறது. இதில் ‘ஆபாசம்’ என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் பெண் வேண்டாம் என்று சொல்வதும் விளையாட்டின் ஒரு பகுதிதான் என்று 7 வயதுப் பிள்ளை படித்துக்கொள்கிறான். 14 வயதுப் பிள்ளை, தான் அந்த இடத்தில் நின்றால் சிரித்துச் சமாளிக்க வேண்டும் என்று படித்துக்கொள்கிறாள். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் கவலை.

நான் எந்த நிகழ்ச்சியையும் பார்ப்பது ஒரு கேள்வியோடு. பகிடிக்கு ஆளாகிறவர் இப்போது எங்கள் விறாந்தையில் வந்து இருந்தால், இந்தப் பகிடியை அப்படியே விடுவோமா? நகைச்சுவைக்கென்றே நாள் முழுக்க ஓடுகிற ஆதித்யா, சிரிப்பொலி போன்ற அலைவரிசைகளில் நொண்டி நடப்பவரையும் திக்கிப் பேசுபவரையும் வைத்துச் சிரிக்கவைக்கும் பழைய காட்சிகள் எத்தனை வருகின்றன! ஜெய்ப்பூர்க் கால் எனும் செயற்கைக் கால் பொருத்துவதற்கென்று ஒரு நிலையமே தேவைப்பட்ட ஊர் இது. மகனின் வகுப்பில் ஒரு பிள்ளையின் தகப்பன் அந்தக் காலோடு சைக்கிள் மிதித்துவந்து பிள்ளையை இறக்கிவிடுவார். சென்னையில் எழுதியவருக்கு அது தெரிய வேண்டியதில்லை, உனக்குத் தெரியும். அந்த அலைவரிசைகளில் வருகிற கவுண்டமணி, செந்தில் காட்சிகளிலேயே ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழப் பகிடியை எடுத்துப் பார். 1989 இல் வந்தது, இன்றைக்கும் சின்னதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு வருவது செந்திலின் பிடிவாதமான நியாயத்தில். மற்றப் பல காட்சிகளில் நிறத்தைச் சொல்லும் ஏச்சும் உதையும் மட்டும்தான் மிஞ்சும்.

எங்களிடமே நல்ல அளவுகோல் இருக்கிறது. கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ ஒலிப்பதிவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டு. ஒரே ஆள் பஸ் கொண்டக்டராகவும் பயணிகளாகவும் மாறிமாறிக் கதைக்கிறார். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், நெரிபடுகிறவர்கள் எல்லாரும் மாட்டுப்படுகிறார்கள். ஒருவரும் சிறுமைப்படவில்லை, ஏனென்றால் அந்தப் பஸ்ஸில் நாங்களும் நிற்கிறோம். பிறகு மகளோடு மட்டும் இருந்து, 2000 இல் கமல் நடித்த ‘தெனாலி’யைப் பார். போர்ப் பயத்தால் நொந்துபோன ஈழத் தமிழன் ஒருவன், எங்கள் பேச்சு, அதைக் கேட்டு அரங்கு நிறையச் சிரிப்பு. எங்களோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று அவளைக் கேள். அவள் எந்தப் பக்கம் நின்றாலும் தடுக்காதே, காரணத்தை மட்டும் கேட்டுக்கொள். அப்படிச் சிந்திக்கத் தொடங்குகிற பிள்ளைக்கு நாங்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அனுமதி எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.

சிறுவர்களே நடிக்கிற நிகழ்ச்சிகள் என்றால் பயமில்லை என்று மாமி நினைக்கிறா போலிருக்கிறது. அங்கேதான் நான் கூடுதலாகக் கவனிப்பேன். 2022 சனவரியில் ஜீ தமிழின் ‘ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியில் இரண்டு சிறுவர்கள் அரசனும் மந்திரியுமாக நடித்தார்கள். இந்தியப் பிரதமரைக் கேலி செய்ததாகத் தமிழ்நாட்டுப் பா.ஜ.க. முறையிட, ஒன்றிய அமைச்சு அலைவரிசைக்கு விளக்கம் கேட்டு அறிவித்தல் அனுப்பியது. என்னைக் கேட்டால் அது பிள்ளைகளுக்குக் கெடுதியான பகிடி இல்லை, அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்து எழுந்த சிரிப்பு அது. சின்னப் பிள்ளைக்குப் பெரிய ஆளின் உடுப்பைப் போட்டு, தனக்கே விளங்காத காதல் வசனத்தைச் சொல்ல வைத்து, பெரியவர்கள் கைதட்டுவதுதான் எனக்கு ஒவ்வாதது. அதற்கு யாரும் அறிவித்தல் அனுப்புவதில்லை.

இனி செய்ய வேண்டியது. மகன் ‘குக்கு வித் கோமாளி’யை உன்னோடு இருந்து பார்க்கட்டும், விறாந்தையில், முழுதாக. போனில் வருகிற துண்டுகள் வேண்டாம். அவற்றில் சமையலும் சமாதானமும் வெட்டுப்பட்டு, குத்தல் மட்டும் மிஞ்சும். பிடிக்காத இடம் வந்தால் சட்டென்று நிற்பாட்டாதே. “அந்த அக்காவுக்கு அது விருப்பமில்லை, பார்” என்று ஒரு வசனம் சொல், போதும். பிறகு ஒரு கிழமை அவன் வாயைக் கவனி. வகுப்பில் யாரையாவது ‘குண்டன்’, ‘கறுப்பி’ என்று கூப்பிடத் தொடங்கினால் கொஞ்ச நாள் நிற்பாட்டிவிட்டு, ஏன் என்பதையும் சொல்.

மகளைத் தடுக்காதே. ரியூசனில் சிநேகிதியின் போனில் பார்ப்பாள், பிறகு உன்னிடம் ஒன்றும் கதைக்கமாட்டாள். மாமியிடம் எந்தக் காட்சி பிடிக்கவில்லை என்று கேள். அவவின் மறுப்பில் நியாயம் இருக்கும், மகளும் அதைக் கேட்கட்டும். நகைச்சுவை அலைவரிசையை நாள் முழுக்கப் போட்டுவிடுகிற பழக்கம் மட்டும் உன் வீட்டில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. பிள்ளைகள் திரையைப் பார்த்த கையோடு உங்கள் முகத்தைத்தான் பார்க்கினம். நீயும் அவரும் எந்த இடத்தில் சிரிக்கிறீர்களோ அந்த இடம் அவர்களுக்குச் சரியாகிவிடும். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர் மகளின் நிறத்தைப் பற்றிப் பகிடி விட்டால், அந்த இடத்திலேயே, மரியாதையாக, “வேண்டாம்” என்று சொல். அதைச் சொல்லாமல் ரீவியை மட்டும் நிற்பாட்டுவதில் பலன் இல்லை.

அன்புடன்,
பெரியம்மா