பாடம் 7: தம்பிக்குத் திராட்சை

சனிக்கிழமை மாலை. நிலாவும் தம்பி கவினும் அம்மாவுடன் தேரா வாட்டர்ஃபிரண்ட் மார்க்கெட்டுக்குப் போனார்கள். கவினுக்கு மூன்று வயது. அம்மா கறுப்புத் திராட்சை வாங்கினார்.

"அம்மா, நம்ம ஊர்லயும் திராட்சை விளையுமா?" என்று நிலா கேட்டாள்.

"ஆமாம் கண்ணு. தேனி மாவட்டத்துல, கம்பம் பள்ளத்தாக்குல விளையுது. அங்க விளையுற பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழங்களை நன்றாகக் கழுவினார்.

"திராட்சையில என்னம்மா இருக்கு?"

"ஐந்துல நாலு பங்கு தண்ணிதான். வெயில் காலத்துக்கு நல்லது. தோல்லயும் சத்து இருக்கு, உரிக்காம சாப்பிடு. சர்க்கரையும் இருக்கு, அதனால ஒரு கைப்பிடி போதும்."

அப்போது கவின் ஒரு முழுப் பழத்தை வாயருகே கொண்டுபோனான். அம்மா சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"முழுசா போட்டா தொண்டையில அடைச்சுக்கும். மூச்சு விட முடியாது. ஐந்து வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு விதையை எடுத்துட்டு, நீளவாக்குல நாலா நறுக்கித்தான் கொடுக்கணும்."

அம்மா நறுக்கினார். நிலா தட்டில் வைத்தாள். கவின் உட்கார்ந்து மென்று சாப்பிட்டான்.

"இன்னும் வேணும், அக்கா!"

விடை சொல்லுங்கள்
1. பன்னீர் திராட்சை எங்கே விளைகிறது?
2. அம்மா ஏன் கவினின் கையைப் பிடித்தார்?
3. உங்கள் வீட்டில் சின்னக் குழந்தைக்குத் திராட்சையை எப்படிக் கொடுப்பீர்கள்?