காலத்துக்கும் ஒரு சிட்டை



கடை நடத்தும் ஒருவரிடம், நேற்று வியாபாரம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சிட்டையைப் புரட்டாமலே சொல்லிவிடுவார். ரொக்கம் இவ்வளவு, கடனாகப் போனது இவ்வளவு, அழுகிக் கழிந்த வெங்காயம் இவ்வளவு என்று எல்லாம் அவர் நாவின் நுனியில் இருக்கும். அவரிடமே, நேற்று விழித்திருந்த பதினாறு மணி நேரம் எங்கெங்கே செலவாயிற்று என்று கேளுங்கள். விழிப்பார். பத்துக் காசு குறைந்தால் கல்லாவை இரண்டு முறை எண்ணுகிற நாம், இரண்டு மணி நேரம் காணாமற் போனால் தேடுவதே இல்லை.

நான் அறிஞன் அல்லன். ஓதியது மதரஸாவில், படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. 1999இல் உறவினர் ஒருவரின் மளிகைக் கடைக்குக் கை உதவியாக இவ்வூருக்கு வந்து, இன்று சொந்தமாக ஒரு சிறு கடை வைத்திருப்பவன். நாற்பதைக் கடந்த பிறகு, பட்ட நஷ்டத்தால் நான் கற்றுக்கொண்ட பாடத்தையே இங்கு எழுதுகிறேன். நூலகத்தில் தமிழில் படித்தவையும், என் மகள் ஆங்கிலத்திலிருந்து படித்துச் சொன்னவையும் இதில் கலந்திருக்கும்.

நஷ்டம் வந்த விதம்

ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் முதன்முதலில் எண்ணியபோது எனக்கு முப்பது வயது. அந்த எண்ணம் பதின்மூன்று ஆண்டுகள் எண்ணமாகவே இருந்தது. யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நேரம் எங்கே இருக்கிறது?" கடைக்கு வரும் கடிதங்களை மகள் படித்துச் சொல்லிவந்தாள்.

2023ஆம் ஆண்டு கடைக் கட்டடத்தின் உரிமையாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று அதைக் கல்லாவுக்கு அடியில் வைத்தேன். பரீட்சை முடிந்து அவள் படித்தபோது முகம் மாறிவிட்டது. பழைய வாடகையிலேயே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பினால் குறிப்பிட்ட தேதிக்குள் பதில் தரவேண்டும் என்று அதில் இருந்தது. தேதி கடந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. மாதம் 400 வெள்ளி கூடுதல். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. ஆக மொத்தம் 9,600 வெள்ளி.

"வாப்பா, என்னை எழுப்பியிருக்கலாமே" என்று அவள் அழுதாள். பிழை என்னுடையதாக இருக்க, குற்ற உணர்ச்சி பிள்ளையின் தலையில் விழுந்தது. பணத்தைவிட அதுவே என்னைச் சுட்டது. அன்றிரவுதான், "நேரம் இல்லை" என்ற என் பதில் மெய்தானா என்று கணக்குப் பார்க்கத் துணிந்தேன்.

முதற் பாடம்: கணக்கு எழுதுக

ஒரு பழைய சிட்டைப் புத்தகத்தை எடுத்து, ஏழு நாட்கள், அரைமணிக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று ஒரு வரி எழுதினேன். சரக்கு இறக்கியது, வாடிக்கையாளரைக் கவனித்தது, தொழுதது, உண்டது, சும்மா இருந்தது யாவும் எழுதினேன். வெட்கமாயிருந்தாலும் ஒன்றையும் மறைக்கவில்லை. பொய்க் கணக்கு எழுதினால் ஏமாறுகிறவன் நானேயன்றோ?

எட்டாம் நாள் கூட்டிப் பார்த்தேன். பிற்பகலில் கடை மந்தமாயிருக்கும் வேளையில் கைத்தொலைபேசியில் வேடிக்கைப் படங்கள் பார்த்தது மட்டும் பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம்! ஒரு வாரத்துக்கு இது. நேரம் இல்லாதவனாக நான் இருக்கவில்லை. கணக்கில்லாதவனாகவே இருந்திருக்கிறேன்.

இரண்டாம் பாடம்: நோக்கத்தை அளந்து சொல்லுக

மொத்த வியாபாரியிடம் "சரக்கு அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால் என்ன வரும்? ஒன்றும் வராது. "பொன்னி அரிசி பத்து மூட்டை, வியாழன் காலைக்குள்" என்றால் வந்து சேரும். நம் மனத்துக்கு நாம் கொடுக்கும் கட்டளையும் அவ்வாறே.

"ஆங்கிலம் கற்பேன்" என்பது ஆசை. கடலைப் போன்ற அதற்குக் கரை கிடையாது. அதை விட்டுவிட்டு, "கடைக்கு வரும் கடிதத்தை நானே வாசித்து, யார் அனுப்பியது, என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள், எவ்வளவு தொகை என்னும் நான்கையும் அறிவேன்" என்று எழுதி வைத்தேன். அதற்குப் பெரிய புத்தகம் வேண்டியிருக்கவில்லை. பழைய கடிதங்களையும் மின்கட்டண ரசீதுகளையும் எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்தேன். நோட்டீஸ், ரினியூவல், டெபாசிட், டியூ டேட் என்று அறுபது சொற்கள் தேறின. கடல் குளமாயிற்று.

மூன்றாம் பாடம்: வேளையோடு முடிச்சுப் போடுக

"நேரம் கிடைக்கும்போது செய்வேன்" என்பவனுக்கு நேரம் கிடைப்பதே இல்லை. ஜெர்மானிய உளநூல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஆய்வுரை ஒன்றில், நல்ல எண்ணம் மட்டும் போதாது என்கிறார். "இன்னது நடந்ததும் நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே இடமும் வேளையும் குறித்துக்கொண்டவர்கள், வெறுமனே எண்ணியவர்களைவிட அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்பதை விளக்குகிறார். வேளை வந்ததும் யோசனைக்கு இடமின்றிக் கை தானே வேலையைத் தொடங்குகிறது.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. நாளை ஐந்தாக வகுத்துத் தரும் வக்துகள் நம்மிடம் இருக்கின்றன. நாம் வாழ்வதோ பூமத்திய ரேகைக்கு மிக அருகில். குளிர்நாடுகளில் கோடையில் ஒரு நேரமும் குளிர்காலத்தில் ஒரு நேரமுமாக வக்துகள் வெகுதூரம் நகரும். இங்கே ஆண்டு முழுவதும் லுஹர் பகல் ஒரு மணியை ஒட்டியும், மஃரிப் மாலை ஏழு மணியை ஒட்டியுமே வருகின்றன. முடிச்சுப் போட இதைவிட உறுதியான முளை எது?

"லுஹர் தொழுது கடைக்குத் திரும்பியதும், கல்லாவுக்கு முன் உட்காருமுன், சொற்குறிப்பை எடுப்பேன்" என்று எழுதிக்கொண்டேன். கைத்தொலைபேசியைப் பின்கட்டில் அரிசி மூட்டைமேல் வைத்துவிடுவது வழக்கமாயிற்று. கண்ணுக்கு எட்டாதது கைக்கும் எட்டாது.

நான்காம் பாடம்: எல்லை கட்டுக

1950 முதல் 1958 வரை, இங்கே சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்தவர் நார்த்கோட் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர். 1955இல் லண்டனின் 'எக்கனாமிஸ்ட்' இதழில் அவர் எழுதிய ஒரு கட்டுரை உலகப் புகழ் பெற்றது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரத்தையும் நிரப்பும்வரை அந்த வேலை வீங்கிக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். அலுவலான மனிதர் மூன்று நிமிடத்தில் எழுதிவிடும் தபால் அட்டையை, வேறு வேலையில்லாத மூதாட்டி நாள் முழுவதும் எழுதுவார் என்று அவர் வேடிக்கையாகக் காட்டுகிறார்.

கடைக்காரர் அறியாததா இது? சரக்கை இறக்கிவிட்டு உடனே போகவேண்டிய லாரி வந்தால் இருபது நிமிடத்தில் இறக்குகிறோம். அவசரமில்லை என்றால் அதே சரக்கு அஸர் வரை இறங்குகிறது. ஆகவே படிப்புக்கும் இருபது நிமிடம் என்று எல்லை கட்டினேன். சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைப்பேன். மணி அடித்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். இன்னும் கொஞ்சம் படிக்கலாமே என்ற ஆசை மிச்சமிருக்கும்போதே மூடியதால், மறுநாள் திறக்க மனம் சலிக்கவில்லை.

ஐந்தாம் பாடம்: நாள் கணக்கில் ஏமாறாதிருக்க

மூன்று மாதத்தில் முடித்துவிடுவேன் என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். மூன்று மாதம் போயிற்று. பாதிச் சொற்கள்கூடப் பிடிபடவில்லை. "எனக்கு வராது, வயதாகிவிட்டது" என்று மனம் சோர்ந்தது. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

1994இல் வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வை மகள் அப்போது படித்துக் காட்டினாள். பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதும் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனாலும் 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனதோ 55 நாட்களுக்கும் மேல். படித்தவர்கள் கணக்கே இப்படியென்றால், ஐந்தாம் வகுப்புக்காரன் கணக்கு பிசகியது அதிசயமா? தவறியது என் மதிப்பீடே. என் முயற்சி தவறவில்லை. மூன்று மாதத்தை அடித்துவிட்டு, ஓர் ஆண்டு என்று எழுதினேன்.

ஆறாம் பாடம்: விட்டுப்போன நாளைத் திவால் என்று எண்ணற்க

நோன்பு மாதத்தில் கடைக்கூட்டம் அதிகமாகி, ஒன்பது நாட்கள் புத்தகத்தைத் தொடவில்லை. போயிற்று எல்லாம் என்று நினைத்தேன். ஆனால் ஒருநாள் கடை மூடிக் கிடந்தால், மறுநாள் திறக்கிறோமே! நிரந்தரமாகவா பூட்டிவிடுகிறோம்?

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊன்றுவதற்குச் சராசரி 66 நாட்கள் என்று கணக்கிட்டார்கள். சிலருக்கு 18 நாட்களே போதும்; சிலருக்கு 254 நாட்கள்கூட ஆகலாம் என்று தெரிந்தது. இடையில் ஒருநாள் தவறுவதால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை என்றும் கண்டார்கள். எனவே அடுத்தவரோடு நம்மை ஒப்பிட்டு நோகவேண்டியதில்லை. தவறிய நாளை வாராக் கடனாக எழுதித் தள்ளிவிட்டு, மறுநாள் கடையைத் திறப்பதே புத்தி.

ஒரு பிழையும் திருத்தமும்

இங்கே நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு நேர்மையாகாது. தொடக்கத்தில் இரவிலும் படிக்க ஆசைப்பட்டு, கடையடைக்கும் வேலையைக் கடைத்தம்பியிடம் விட்டுவிட்டு நான் உட்கார்ந்துகொள்வேன். அவன் தினமும் முக்கால் மணி நேரம் தாமதமாகவே அறைக்குப் போனான். ஊரிலிருக்கும் அவன் உம்மாவோடு பேசும் வேளை அது என்று பின்னரே அறிந்தேன். என் லட்சியத்துக்கு அவன் நேரத்தை எடுத்தேன். எடைக்கல்லில் கை வைப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அவனிடம் மன்னிப்புக் கேட்டு, இரவுப் படிப்பை நிறுத்தினேன். இப்போது அவனுக்கும் பிற்பகலில் அரைமணி ஓய்வு உண்டு.

அதுபோலவே தூக்கத்திலிருந்தும், மனைவி மக்களோடு உண்ணும் வேளையிலிருந்தும் கடன் வாங்கலாகாது. அந்தக் கடனுக்கு வட்டி அதிகம். வீணாகும் நேரத்திலிருந்து எடுப்பதே ஹலாலான வருமானம் போன்றது.

முடிவாக

மூன்று மாதம் என்று தொடங்கிய காரியம் பதினான்கு மாதத்தில் கைகூடியது. இன்றும் நான் ஆங்கிலம் பேசத் தடுமாறுகிறவன்தான். ஆயினும் சென்ற முறை உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தபோது, கல்லாவுக்கு முன் நின்றபடியே வாசித்தேன். தேதியின் கீழ்க் கோடு இட்டேன். மாலையில் மகளிடம் காட்டினேன். அவள் ஒருமுறை படித்துவிட்டு, "சரிதான் வாப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகப் பதினான்கு மாதம் தகும்.

கற்க விரும்பும் நம்மவருக்கு இன்று பணம் பெருந்தடையன்று. 2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூரருக்கு, குறிப்பிட்ட பயிற்சிகளுக்கென ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி சேர்க்கப்பட்டது. நூலகங்களோ அருகிலேயே இருக்கின்றன. ஆனால் நேரத்தை நம் கணக்கில் வேறெவரும் வரவு வைக்க முடியாது.

சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழ் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாட்கள் காலச் சிட்டை எழுதுங்கள். எட்டாம் நாள் கூட்டுங்கள். வீணாய்ப் போன பெருந்தொகை எது என்று காணுங்கள். அதில் இருபது நிமிடத்தை மட்டும் எடுத்து, அளந்து சொன்ன ஒரே ஒரு நோக்கத்துக்காக ஒரு வக்தோடு முடிச்சுப் போடுங்கள். இரண்டு நோக்கம் வேண்டாம்.

நான் பதின்மூன்று ஆண்டுகள் தாமதித்துத் தொடங்கினேன். உங்கள் கல்லாவுக்கு அடியில் இன்னும் திறக்காத கடிதம் ஏதேனும் கிடந்தால், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.