ஒத்தை ஆளா டோ பார் மாட்டலாம் வாங்க!

தை, மாசியில் நம்ம காரைக்காலில் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் நெல் ஏற்றும் டிராக்டர் நிற்காத தெரு கிடையாது. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போய்வரும் லாரிகளோ வருஷம் முழுக்க ஓடுகின்றன. இதில் ஒன்று நடுவழியில் மக்கர் பண்ணினால், அதை இழுத்துப்போகும் டோ பார் மாட்டக் கை கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிரேனைக் கூப்பிட்டால் அன்றைய வாடகையே போச்சு. தனி ஆளாகச் சமாளிக்க இதோ சில குறிப்புகள்.

1. பாரை முதலில் பழுதான வண்டியின் முன்னால் மாட்டிவிடுங்க. நிற்கிற வண்டிக்கு அவசரமில்லை, நிதானமாகப் பின் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் ஓடுகிற வண்டியை அதன் பக்கம் கொண்டுவருவது ஒரே ஆள் செய்கிற வேலைதான்.

2. அதற்கும் முன்னால், பழுதான வண்டியின் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க. அறுத்துப்போட்ட தென்னை மரத் துண்டு போதும், காசு செலவில்லை. செங்கல் வேண்டாம், லோடு வண்டி ஏறினால் நொறுங்கிவிடும்.

3. பாரின் வெறும் நுனியைத் தூக்கிப் பிடித்து இடுப்பை ஒடித்துக்கொள்ளாதீங்க. இழுக்கப்போகும் வண்டியின் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு குச்சியில் அளந்து, அந்த உயரத்துக்குப் பழைய டயரையோ மண் கட்டிய சாக்கையோ அடுக்கி நுனியை அதன்மேல் வையுங்க. ஒரு விரல்கடை கூடுதலாகவே இருக்கட்டும். ஏற்றுவதைவிட இறக்குவது சுலபம், சாக்கை நாலு தட்டு தட்டினால் தானே அமரும்.

4. சாக்கு கிடைக்காத இடத்தில் ஒரு கயிறு போதும். பாரின் நடுவுக்குச் சற்று முன்னால் கட்டி, பழுதான வண்டியின் முகப்பில் உறுதியான இடத்தில் தொங்கவிடுங்க. இதில் ஒரு லாபம் உண்டு: தொங்குகிற பார் பக்கவாட்டில் ஆடும், அதனால் ரிவர்ஸ் கொஞ்சம் கோணலாக வந்தாலும் காலால் தள்ளிச் சரிசெய்யலாம்.

5. டிராக்டரில் திரும்பிப் பார்த்தால் கொக்கி தெரியும். லாரியில் தெரியாது, கண்ணாடியிலும் தெரியாது. அதற்கு ஒரு கயிறு வித்தை: கொக்கியிலிருந்து டிரைவர் கதவு வரை உள்ள தூரத்தைக் கயிற்றில் அளந்துகொண்டு, அதே நீளத்தைப் பாரின் நுனியிலிருந்து முன்னோக்கிப் போட்டு, கதவு வந்து நிற்கவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வையுங்க. அப்படியே, டிரைவர் பக்கப் பின்டயர் போகவேண்டிய தடத்தைச் சுண்ணாம்பாலோ கோலமாவாலோ கோடு போட்டுவிடுங்க. டயர் கோட்டிலும் கதவு செங்கல்லுக்கு நேரிலும் வந்துவிட்டால் கொக்கி பாருக்கு எதிரே நிற்கும். டீசல் நம்ம ஊரில் தமிழ்நாட்டைவிட மலிவுதான், அதற்காகப் பத்துத் தடவை முன்னும் பின்னும் போகணுமா என்ன?

6. ஒரு சாண் இருக்கும்போதே நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்க. இரண்டு வண்டிக்கும் நடுவே போகுமுன் ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்க. தனியாக இருக்கும்போது 'நிறுத்து' என்று கத்த யாரும் இல்லை.

7. துளையும் துளையும் சேர்ந்திருக்கா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. விரல் போன ஆட்களும் உண்டு. கூர்நுனிக் கம்பியை விட்டு நெம்பிச் சேருங்க. லேத்துக் கடையில் கொடுத்துப் பின்னின் அடி நுனியைக் கூம்பாகச் சீவி வாங்கிவிட்டால், துளை அரை விரல் விலகியிருந்தாலும் தட்டிய தட்டில் இறங்கும்.

8. கடல் காற்று நம்ம ஊர் இரும்பைச் சும்மா விடாது. வேலை முடிந்ததும் பின்னில் கிரீஸ் தடவி, கிழிந்த சைக்கிள் டியூபில் நுழைத்து வையுங்க. அடுத்த முறை சுத்தியல் தேடவேண்டாம்.

9. லாக் பின்னுக்குப் பதில் ஆணியை வளைத்துச் சொருகாதீங்க. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஆணி நழுவும், பின் எகிறும். இரண்டு லாக் பின் கூடுதலாக வாங்கிச் சீட்டுக்கு அடியில் போட்டுவைத்தால் ஒரு டீக்காசோடு முடிகிற விஷயம்.

10. ஏர் பிரேக் லாரியில் காற்று இறங்கிப்போனால் பின்சக்கரம் தானே பூட்டிக்கொள்ளும், இழுத்தால் டயர் தேயும். இழுக்கும் வண்டியிலிருந்து காற்று கொடுங்க, இல்லையென்றால் பூஸ்டரில் உள்ள ரிலீஸ் போல்ட்டைத் திருகி விடுங்க. டயருக்குக் கட்டை கொடுக்காமல் அந்த போல்ட்டைத் தொடவே கூடாது.

11. மழை பெய்த களிமண்ணில் இழுக்கிற வண்டி சறுக்கும். நாலு கைப்பிடி வைக்கோல் டயருக்கு முன்னால் போதும். ராத்திரியில் வாய்க்கால் கரையில் மட்டும் இந்த வேலையே வேண்டாம், விடியட்டும்.

12. கழற்றும்போது பின் இறுகியிருந்தால் அடிக்காதீங்க. முதலில் பழுதான வண்டிக்குக் கட்டை, பிறகு இழுத்த வண்டியை ஒரு விரல்கடை பின்னால் தள்ளினால் பின் தளர்ந்து கையோடு வரும்.

13. மாட்டுவதற்குத்தான் ஒத்தை ஆள். சாலையில் இழுக்கும்போது பழுதான வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஒருவர் இருக்கணும், இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. இஞ்சின் ஓடாத வண்டியில் பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும், கை பலமுள்ள ஆளாகப் பாருங்க. பாரை எடுக்குமுன்னே அவருக்குப் போன் பண்ணிவிட்டால், நீங்க பின் போட்டு முடிப்பதற்கும் அவர் வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும்.