ஆற்றில் காலை ஊன்றாதே

அன்புள்ள கயல்,

செமஸ்டர் முடிந்ததும் தோழிகளோடு ரிஷிகேஷ் போகிறாய், கங்கையில் ராஃப்டிங்கும் உண்டு என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம், போய் வா. "ஆபத்தா மாமா?" என்று கேட்டதற்குத்தான் இந்தக் கடிதம். ஆபத்து உண்டு, ஆனால் நீ எதிர்பார்க்கிற இடத்தில் இருக்காது. எல்லோரும் அலையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அலை பெரும்பாலும் நனைத்துவிட்டுப் போய்விடும். உயிருக்கு உலை வைப்பது இடுப்பளவுத் தண்ணீரும், லைஃப் ஜாக்கெட்டில் சரியாக மாட்டாத ஒரு பக்கிளும்.

தேவப்பிரயாகையில் பாகீரதியும் அளகநந்தாவும் கூடிய பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து மலையிடுக்கில் இறங்கிவரும்போது பாறைகள் நெருக்கும் இடங்களில் வெண்ணுரையாகக் கொந்தளிக்கிறது. அவைதான் ரேபிட். அவற்றை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் வெறும் சலசலப்பு. 6 என்றால் கைதேர்ந்தவர்களும் உயிரைப் பணயம் வைக்க வேண்டிய இடம். புதியவர்கள் பலரும் சிவபுரியில் ஏறி, சுமார் 16 கிலோமீட்டர் மிதந்து ரிஷிகேஷ் வருவார்கள். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்ற புகழ்பெற்ற ரேபிட்கள் இந்த வழியில்தான் வரும். இன்னும் மேலே, கௌடியாலாவில் கிளம்பினால் 'தி வால்' குறுக்கிடும். முதல் தடவையிலேயே அது உனக்கு வேண்டாம்.

தர எண்ணை மட்டும் நம்பியும் இருந்துவிடாதே. மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் அங்கே ராஃப்டிங்கை நிறுத்திவிடுகிறார்கள். மற்ற மாதங்களிலும் நீர்மட்டம் ஒரே மாதிரி இருக்காது. பாகீரதியின் மேல் டெஹ்ரி அணை இருக்கிறது, திறந்துவிடும் நீரைப் பொறுத்து ஆறு ஏறும், இறங்கும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உன்னைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் "இன்றைக்குத் தண்ணீர் எப்படி?" என்று கைடிடம் கேட்டுவிட்டே ஏறு.

இனி ராஃப்டிங்கின் குதூகலத்தைச் சொல்கிறேன். ரேபிட்டுக்குச் சற்று முன்னால் ஆறு கண்ணாடியாக வழுவழுத்து, ஓசையில்லாமல் வேகமெடுக்கும். முன்னால் இரைச்சல் மட்டும் கேட்கும். பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று ராஃப்டின் மூக்கு கீழே போகும், வயிறு மேலே வரும், ஒரு வெள்ளைச் சுவர் முகத்தில் அறையும். அந்த நொடியில் கை தானாகவே துடுப்பை விட்டுக் கயிற்றைத் தேடும். விடாதே! பின்னாலிருந்து கைடு "ஃபார்வர்ட்! ஃபார்வர்ட்!" என்று கத்துவது சும்மா உற்சாகமூட்ட அல்ல. வேகம் குறைந்த ராஃப்டை அலை எளிதில் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். தண்ணீருக்குள் ஊன்றியிருக்கும் துடுப்புதான் உனக்கும் பிடிமானம். ராஃப்டில் இருக்கும் எல்லோரும் ஒரே தாளத்தில் துழாவி அந்த அலையின் முதுகில் ஏறி வெளியே வரும்போது தொண்டை கிழியக் கத்துவீர்கள் பார், அதை அனுபவிக்கத்தான் அவ்வளவு தூரம் போவதே. "கெட் டவுன்" என்றால் மட்டும் துடுப்போடு உள்ளே இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொள். துடுப்பின் உச்சியிலுள்ள கைப்பிடியை எப்போதும் உள்ளங்கையால் மூடிப் பிடி. அது சுழன்றால் பக்கத்தில் இருப்பவளின் பல்லைப் பெயர்த்துவிடும்.

தண்ணீரில் விழுந்துவிட்டால்? பனி உருகி வரும் நீர், வெயில் கொளுத்தும் ஏப்ரலிலும் சில்லென்றிருக்கும். விழுந்ததும் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அப்போது வாய் நீருக்கடியில் இருந்தால் சிக்கல். படபடப்பு அடங்கும்வரை மூச்சில் மட்டும் கவனம் வை. மல்லாந்து மித, கால்களை ஆறு போகும் பக்கம் நீட்டி, பாதங்கள் நீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள். பாறை வந்தால் பாதம் தாங்கும், தலை தப்பும்.

கரை நெருங்கி, ஆழம் இடுப்பளவுக்கு வந்ததும் எழுந்து நிற்கத் தோன்றும். ஓடும் நீரில் நிற்கவே நிற்காதே, கயல். அடியிலுள்ள இரண்டு கற்களுக்கிடையே பாதம் சிக்கிக்கொள்ளும். பின்னால் வரும் நீர் உடம்பை முன்னால் மடக்கி அழுத்தும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் தலை மேலே வராது. இடுப்பளவு ஆழமே போதும் ஒருவர் மூழ்க. நீர் அசையாத இடத்துக்கு வந்த பிறகே காலை ஊன்று.

இன்னொரு ஆபத்து, பாறையைத் தாண்டி விழும் நீர் அடியில் போய், மேற்பரப்பில் திரும்பவும் பாறையை நோக்கியே வரும் இடம். கிரைண்டரில் மாவு சுற்றிச் சுற்றி வருவதுபோல ஆளையும் உருட்டும். நுரையில் காற்று கலந்திருப்பதால் உடம்பு சரியாக மிதக்கவும் செய்யாது. ஆற்றுப் பாறைகளில் எங்காவது ஒரு பக்கம் வெளியேற வழி இருக்கும். கரையிலிருந்து கரைவரை ஒரே சீராகக் கட்டிய தடுப்பணைகளில் அதுவும் இருக்காது. நம் ஊரில் வெள்ளக்காலத்தில் நன்றாக நீந்துபவர்கள்கூடத் தடுப்பணையடியில் மாட்டிக்கொள்வது இதனால்தான். அங்கே எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதே.

மீட்க வீசும் கயிறு கைக்கு எட்டினால் அதை நெஞ்சோடு பிடித்து மல்லாந்து கிட. கையில் சுற்றிக்கொள்ளாதே, அவசரத்தில் விட முடியாமல் போகும். ராஃப்டுக்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் இருக்காதே.

பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேள்: கூடவே பாதுகாப்புக்குக் கயாக் என்ற சிறு படகு வருமா, மீட்புக் கயிற்றுப் பை இருக்கிறதா? "ஒன்றும் ஆகாது மேடம்" என்று மழுப்பினால் அடுத்த ஆளைப் பார். ஜாக்கெட்டை மாட்டியதும் ஒரு தோழியைத் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கச் சொல். காதுவரை ஏறினால் பட்டைகளை இறுக்கு, அப்படியும் ஏறினால் வேறு கேட்டு வாங்கு. வெயிலுக்காக அமைதியான பகுதியில் கழற்றி வைப்பவர்கள் உண்டு, நீங்கள் வேண்டாம். உங்களில் நீந்தத் தெரியாதவர் இருந்தால் படகேறுமுன் கைடிடம் சொல்லிவிடுங்கள், தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். உன் கண்ணாடிக்கு ஒரு நாடா வாங்கிக் கட்டிக்கொள்.

அன்புடன்,
மாமா