வீட்டுத் தரையும் சுவரும்: அலங்கார ஓடுகளில் அயற் செல்வாக்கு

மாணவர்களே! வீட்டு அலங்காரத்தில் அயல்நாட்டுக் கலைச் செல்வாக்குப் பற்றி வினவினால், “ஒல்லாந்தர் செல்வாக்குக் காணப்படுகிறது” என ஒரே வரியில் முடித்துவிடுவோர் பலர். அதற்கு முழுப்புள்ளி கிடைக்காது. எதைப் பெற்றனர், யாரிடமிருந்து பெற்றனர், பெற்றதை எவ்வாறு மாற்றினர் என்ற மூன்றும் விடையில் இருக்க வேண்டும்.

நீல வெள்ளை ஓட்டை எடுத்துக்கொள்வோம். சீனர் வெண்களிமண்ணால் பீங்கான் செய்து, கோபால்ட் நீலத்தால் சித்திரம் தீட்டினர். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றன. டெல்ஃப்ட் நகரக் குயவர் அதைப்போலச் செய்ய முற்பட்டனர். (நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் இந்நகரின் பெயரே.) ஆனால் அந்த வெண்களிமண் அவர்களிடம் இல்லை. எனவே சாதாரண களிமண் ஓட்டின்மீது வெள்ளீயம் கலந்த வெண்ணிறப் பூச்சைப் பூசி, அதன்மேல் நீலத்தால் வரைந்தனர். நிறம் சீனாவினுடையது; கப்பல், காற்றாலை, விளையாடும் சிறுவர் ஆகிய உருவங்களோ ஒல்லாந்தருடையவை. சுவரில் ஈரமும் அழுக்கும் ஏறாதிருக்க அதன் அடிப்பகுதியில் இவ்வோடுகளைப் பதித்தனர்.

மூலைகளைக் கவனியுங்கள். ஓர் ஓட்டின் மூலையில் சிறிய உரு ஒன்றே இருக்கும். நான்கு ஓடுகள் சேருமிடத்தில் நான்கு உருக்களும் இணைந்து புதிய கோலமொன்று தோன்றும். கணித பாடத்தில் படித்த தெசலாக்கத்தை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனை மாணவர்கள் 1757இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயத்தை அறிவீர்கள். அதன் தரையில் குலச்சின்னங்களும் எழுத்துகளும் செதுக்கிய ஒல்லாந்தர் காலக் கல்லறைக் கற்கள் உள்ளன. அவை அலங்காரத் தரைதான், ஆனால் ஓடுகள் அல்ல. மாறி எழுதிவிடாதீர்கள்.

இனி நமக்கு நெருக்கமான உதாரணம். கொழும்பு செட்டியார் தெருவில் வணிகம் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தமது சொந்த ஊர்களில் மாளிகை போன்ற வீடுகளைக் கட்டினர். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானியப் பூ ஓடுகள் எல்லாம் அங்கு போய்ச் சேர்ந்தன. காரைக்குடிக்கு அண்மையிலுள்ள ஆத்தங்குடியில் தரை ஓடுகளைக் கையாலேயே செய்கின்றனர். சீமெந்து ஓட்டு முறை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றியது. ஆத்தங்குடியார் அதை உள்ளூர் மணலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். கண்ணாடித் தட்டின்மீது சட்டமும் அச்சும் வைத்து, அச்சின் அறைகளில் வர்ணச் சீமெந்துக் குழம்பை ஊற்றுவர். அச்சை எடுத்தபின் மணலும் சீமெந்தும் இட்டு நிரப்பி, உலர்த்தி, நீரில் ஊறவைப்பர். சூளையே தேவையில்லை. கண்ணாடியில் பட்ட பக்கம் மேற்பக்கமாவதால் கண்ணாடியின் வழுவழுப்பு ஓட்டுக்கும் வந்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்தை எழுதினாலே உங்கள் விடை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

கொழும்பின் பழைய வீடுகள் சிலவற்றின் விறாந்தைகளிலும் பூப்போட்ட சீமெந்து ஓடுகள் உண்டு. வெள்ளவத்தையில் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழும்போது, இத்தகைய தரைகளும் கற்குவியலோடு லொறியில் ஏறிவிடுகின்றன. படமெடுத்து வைப்போர்கூட இல்லை.

பயிற்சி: உங்கள் ஒழுங்கையில் அப்படியொரு வீடு இருப்பின், வீட்டாரின் அனுமதியுடன் ஓர் ஓட்டை அளந்து, அதன் கால்பகுதியைச் சதுரக்கோட்டுத் தாளில் வரைக. அதனைச் சுழற்றி ஏனைய மூன்று பகுதிகளையும் நிரப்புக. அவ்வாறான நான்கு ஓடுகள் சேரும்போது நடுவில் தோன்றும் உரு யாதெனக் குறிப்பிடுக.